கர்ப்பப்பை எடுத்த பிறகும் மிச்சமிருக்கும் வாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து சில வருடங்கள் கழித்து, "வாய்ப்பகுதி உள்ளேயேதான் இருக்கிறது, அதையும் எடுக்க வேண்டியிருக்கும்" என்று கேட்டு அதிர்ந்துபோனவர்களுக்காக எழுதியது இது. அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் மகள்களுக்கும் கணவன்மார்களுக்கும் சேர்த்துத்தான். பெண்கள் நோய்ப் பிரிவில் தினமும் காதில் விழும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்களை நேரில் பரிசோதித்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதற்குக் காரணம் இருக்கும், அவரிடமே கேளுங்கள்.

"கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்றுதான் சொன்னார்கள். இப்போது வாய் இருக்கிறது என்கிறார்கள். எது உண்மை?

இரண்டும் உண்மை. கர்ப்பப்பை தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் மாதிரி இருக்கும். மேலே பருத்த பகுதியில்தான் குழந்தை வளர்கிறது, மாதவிலக்கும் அங்கிருந்துதான் வருகிறது. கீழே குறுகிய கழுத்துப் பகுதி யோனிக்குள் எட்டிப் பார்க்கும். அதுதான் கர்ப்பப்பை வாய். பரிசோதிக்கும்போது எங்கள் விரலுக்கு மூக்கு நுனி மாதிரித் தட்டுப்படும்.

முழு ஆபரேஷனில் இரண்டும் போய்விடும். பாதி ஆபரேஷனில் கழுத்தோடு வெட்டி மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வாயை விட்டுவிடுவார்கள். ஆனால் வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்குப் போய்ச் சேருவது ஒரே வாக்கியம்தான்: "கர்ப்பப்பையை எடுத்தாச்சு." பத்து வருடம் கழித்து நான் கேட்டாலும் அதே வாக்கியம்தான் வருகிறது.

விட்ட வாயைப் பின்னால் எடுப்பதற்கு ட்ரக்கெலெக்டமி என்று பெயர். கிரேக்கத்தில் ட்ரக்கெலோஸ் என்றால் கழுத்து.

எனக்கு எது செய்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அதில் டி.ஏ.எச். அல்லது டி.எல்.எச். என்று இருந்தால் வாயும் சேர்ந்து போய்விட்டது. வி.எச். என்றிருந்தாலும், அதாவது கீழ்வழியாக எடுத்திருந்தாலும், அப்படித்தான். சப்டோட்டல், சுப்ராசெர்விகல், எல்.எஸ்.எச். என்ற சொற்களில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் வாய் உள்ளே இருக்கிறது. கூடவே பி.எஸ்.ஓ. என்று இருந்தால் இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

காகிதம் எதுவும் இல்லையா? ஒரு பெண் மருத்துவர் ஸ்பெகுலம் (யோனியை விரித்து உள்ளே பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தால் போதும், இரண்டு நிமிட வேலை. ஸ்கேனிலும் தெரியும், ஆனால் வயிற்றுமேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் சில சமயம் "கர்ப்பப்பை இல்லை" என்று மட்டும் எழுதி முடித்துவிடுவார்கள். "வாய் இருக்கிறதா பாருங்கள்" என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்போதே முழுதாக எடுத்திருக்கலாமே? டாக்டர் தப்பு செய்துவிட்டாரா?

இதைக் கேட்காமல் போனவர்கள் அநேகமாக இல்லை. பல நேரங்களில் பதில், இல்லை.

நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது சிசேரியன் கதை. பிரசவம் முடிந்ததும் கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டுகிறது, அல்லது பழைய சிசேரியன் தழும்பில் நஞ்சுக்கொடி வேர்விட்டுப் பிரிய மறுக்கிறது. மருந்து, தையல் எல்லாம் பார்த்தாயிற்று, நிற்கவில்லை. அந்த நேரத்தில் மேல்பகுதியை மட்டும் எடுப்பது சீக்கிரம் முடியும், ரத்த இழப்பும் குறையும். பிரசவ நேரத்தில் வாய் விரிந்து மெலிந்துபோயிருக்கும். எங்கே முடிகிறது என்று கையால் தடவிப் பார்த்தாலும் தெளிவாகத் தெரியாது. அங்கே வாயைத் தேடிக்கொண்டிருந்தால் தாயை இழக்க நேரிடும். அந்தப் பெண் இன்று என் முன்னால் உட்கார்ந்து கோபப்படுவதற்கே அந்தப் பாதி ஆபரேஷன்தான் காரணம். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன், சிரித்துவிட்டார்.

இரண்டாவது, ஒட்டல். இரண்டு மூன்று சிசேரியன் ஆனவர்களுக்கும் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) உள்ளவர்களுக்கும் மூத்திரப்பையோ குடலோ வாய்ப்பகுதியில் ஒட்டிப்போயிருக்கும். பிரித்தால் கிழியும் என்று தெரிந்தால் அனுபவமுள்ள கை அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாவது வகை, வேண்டுமென்றே விட்டது. இதற்கு ஒரு பின்கதை உண்டு. ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன்பு யோனியைத் திறந்தால் கிருமி வயிற்றுக்குள் போகும் என்ற பயத்தில் பாதி ஆபரேஷன்தான் வழக்கமாக இருந்தது. 1929-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் முழுதாக எடுக்கும் முறையை விவரமாக எழுதினார். 1940-களில் ஆன்டிபயாட்டிக் வந்தது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிய கவனமும் கூடியது. அதன் பிறகு முழு ஆபரேஷனே வழக்கமாயிற்று. 1990-களில் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) பரவியதும் பாதி ஆபரேஷன் திரும்ப வந்தது. வாயை விட்டால் தாம்பத்திய சுகம் குறையாது, மூத்திரக் கசிவு வராது, அடி இறங்காது (அதாவது உள்ளே இருப்பது யோனி வழியே கீழே சரியாது) என்று அதற்கு விளம்பரமும் சேர்ந்தது.

அது நிஜமா என்று சோதித்தார்கள். லண்டனில் 279 பெண்களைச் சேர்த்து, ஒரு குழுவுக்கு முழு ஆபரேஷன், இன்னொரு குழுவுக்குப் பாதி ஆபரேஷன் என்று நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூத்திரம், மலம், தாம்பத்தியம் எதிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் வாயை விட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மாதாமாதம் ரத்தம் பட்டது. அடுத்த வருடம் வெளியான டென்மார்க் ஆய்வில் வாயை விட்டவர்களுக்குத்தான் மூத்திரக் கசிவு அதிகம். ஆக, தகுந்த காரணம் இல்லாமல் வாயை விட்டுவைப்பதால் பெரிய லாபம் கிடையாது என்பது என் கட்சி. வேறு கருத்துள்ள நல்ல சர்ஜன்களும் இருக்கிறார்கள்.

கர்ப்பப்பையே இல்லை, எப்படி மாதாமாதம் படுகிறது?

வெட்டிய இடம் கொஞ்சம் மேலே அமைந்துவிட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வு ஒரு விளிம்பு அளவுக்கு வாயோடு ஒட்டி நின்றுவிடும். சினைப்பை வேலை செய்கிறவரை அந்தச் சின்னத் துண்டும் மாதம் தவறாமல் தன் கடமையைச் செய்யும். பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள், உள்ளாடையில் கறை அளவுக்கு. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் தீட்டுத் தொல்லை ஒழிய வேண்டும் என்றே ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு இது எவ்வளவு எரிச்சல் என்பது புரிகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாதவிலக்கு நிற்கும் வயதைத் தாண்டிய பிறகு படுவதும், உறவுக்குப் பின் படுவதும் இந்தக் கணக்கில் வராது. அதைத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

எந்தெந்தக் காரணத்துக்காக எடுக்கச் சொல்வார்கள்?

அடி இறங்குவது முக்கியமான காரணம். குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்படுகிறது என்று வருவார்கள். கீழே வந்து நிற்பது அந்த மிச்ச வாய்தான். அடுத்து, நிற்காத ரத்தப்போக்கு. அப்புறம் இடுப்பு வலி, உறவின்போது வலி. முன்பே எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவர்களிடம் இது அதிகம். மருந்துக்கு அடங்காத வெள்ளைப்படுதல், வாயிலேயே வளரும் ஃபைப்ராய்டு கட்டி. கடைசியாக, பாப் ஸ்மியர் (வாயிலிருந்து செல்களைத் தடவி எடுத்துப் பார்ப்பது) அல்லது பயாப்ஸியில் (திசுவை எடுத்துச் சோதிப்பது) புற்றுக்கு முந்தைய மாற்றம்.

எத்தனை பேருக்கு இந்த நிலை வரும் என்பது, முதல் ஆபரேஷன் எதற்காக நடந்தது என்பதைப் பொறுத்தது. 2001-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் தொகுப்பில், லேப்ராஸ்கோப்பி வழியே மேல்பகுதியை மட்டும் எடுத்த 70 பேரில் 17 பேருக்கு வாய் சம்பந்தமான தொந்தரவு வந்து மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. வேறு தொகுப்புகளில் இதைவிட மிகக் குறைவு.

எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. புற்று வந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே எடுத்துவிடலாமா?

வேண்டாம். தொந்தரவில்லாத வாயை எடுக்க இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு ஒட்டல், இன்னொரு மூத்திரப்பை ஆபத்து எல்லாம் தேவையில்லை. தேவையானது பரிசோதனை.

இந்த இடத்தில்தான் ஓட்டை விழுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. சமையலறை வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். நர்ஸ் கூப்பிடுவார். "எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சும்மா" என்று இவர் சொல்வார். "சரி, அப்ப உங்களுக்கு வேண்டாம்" என்று நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிடுவார். இருவருமே பொய் சொல்லவில்லை, ஆனால் பரிசோதனை நடக்கவில்லை.

வாய் இருக்கிறவரை கர்ப்பப்பை முழுதாக உள்ள பெண்ணுக்கு என்ன பரிசோதனையோ அதேதான் உங்களுக்கும். எச்.பி.வி. (இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ்) சோதனை கிடைத்தால் நல்லது. முப்பது வயதிலிருந்து ஐந்து முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை அதைச் செய்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் சொல்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை அவ்வளவு நம்பகமில்லை, ஏனென்றால் மாற்றம் வரும் பகுதி வாய்க்கு உள்ளே போய் மறைந்துகொள்ளும். அந்த வயதில் ஸ்மியரோ எச்.பி.வி. சோதனையோதான் சரி.

எடுக்காமல் சமாளிக்க வழி இருக்கிறதா?

பல நேரம் உண்டு. மாதாமாதம் லேசாகப் படுகிறது என்றால், அது வெறும் மிச்ச சவ்வுதான் என்று உறுதியான பின் விட்டுவிடலாம். மாதவிலக்கு நிற்கும் வயதில் தானாக நின்றுவிடும். தொல்லையாக இருந்தால் ஹார்மோன் மாத்திரை தரலாம், வாயின் உள்பாதையைக் கரிக்கலாம். புற்றுக்கு முந்தைய மாற்றம் என்றால் மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் சீவி எடுப்பதே பலருக்குப் போதும். அடி இறங்கியவர் ஆபரேஷனுக்குத் தகுதியில்லாத உடல்நிலையில் இருந்தால் ரிங் பெஸரி (யோனிக்குள் வைத்துத் தாங்கிப் பிடிக்கும் வளையம்) வைக்கலாம். மாதவிலக்கு நின்றபின் வறட்சியால் வரும் எரிச்சலுக்கும் கறைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீமே போதுமாக இருக்கும்.

ஆபரேஷனுக்கு முன் என்னென்ன பார்ப்பார்கள்?

ரத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. எல்லாருக்கும் உண்டு. அதைவிட முக்கியம், ஸ்மியர் முடிவு கையில் இல்லாமல் இந்த ஆபரேஷனைத் தொடங்கக் கூடாது. சாதாரணம் என்று நினைத்து வெட்டி எடுத்த வாயில் பின்னால் பயாப்ஸியில் புற்று என்று வந்தால், செய்த ஆபரேஷன் பற்றாமல் போய்விடும். வலி உள்ளவர்களுக்கும் ஒட்டல் சந்தேகம் உள்ளவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்போம். பழைய ஆபரேஷன் குறிப்பு கிடைத்தால் சர்ஜனுக்கு அது தங்கம். மூத்திரப்பை எங்கே ஒட்டியிருந்தது, ரத்தம் எவ்வளவு போனது என்று அதில் இரண்டு வரி இருந்தாலே போதும்.

வயிற்றைத் திறப்பார்களா?

முடிந்தவரை மாட்டார்கள். வாய் கைக்கெட்டும்படி இறங்கியிருந்தால் கீழ்வழிதான் சிறந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டாலே பெரும்பாலும் போதும். வாயைச் சுற்றி வட்டமாகக் கீறி, முன்னால் மூத்திரப்பையை மெதுவாக மேலே தள்ளுவார்கள். பின்னால் மலக்குடல் பக்கம் திறந்து, இருபுறமும் வாயைப் பிடித்து வைத்திருக்கும் தசைநார்களைக் கட்டி அறுப்பார்கள். இதுவரை கீழ்வழிக் கர்ப்பப்பை ஆபரேஷனின் முதல் பாதி மாதிரியேதான். அதற்கு மேலேதான் வித்தியாசம். வாயின் உச்சியில் கர்ப்பப்பை இல்லை, பழைய தழும்பு இருக்கிறது. அதன்மேல் மூத்திரப்பை போர்வை மாதிரி மூடிக் கிடக்கும், குடல் ஒட்டியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் கத்தரிக்கோல் அவசரப்படக் கூடாது. கடைசியில் யோனியின் மேல்முனையைத் தைத்து மூடும்போது, அதே தசைநார்களோடு சேர்த்துப் பிடித்துக் கட்டுவார்கள். இந்தத் தையலைச் சரியாகப் போடாவிட்டால் பின்னால் யோனியின் உச்சியே இறங்கி வரும்.

வாய் இறங்காமல் மேலேயே இருந்தால், அல்லது எண்டோமெட்ரியோசிஸ், பலமான ஒட்டல் என்றால் லேப்ராஸ்கோப்பி. அதிலும் முடியாதவர்களுக்கு வயிற்றைத் திறக்க வேண்டிவரும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2005-இல் வெளியிட்ட, முந்நூறுக்கு மேற்பட்டோர் அடங்கிய தொகுப்பில் வயிற்றுவழி செய்தவர்களைவிடக் கீழ்வழி செய்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு.

எடுத்ததை டிரேயில் வைத்து வெளியே கொண்டுவந்து உறவினருக்குக் காட்டுவது நம் ஆஸ்பத்திரிகளின் வழக்கம். ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்பார்கள். நேரம் போனது அந்த நெல்லிக்காய்க்கு அல்ல, அதைச் சுற்றி இருப்பவற்றைக் காப்பாற்றுவதற்கு.

ஆபத்து என்ன?

மூத்திரப்பையில் கிழிசல், சிறுநீர்க்குழாயில் காயம், குடலில் காயம், ரத்தப்போக்கு, தையல் இடத்தில் சீழ். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் வாய்க்குப் பக்கத்தில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுகிறது. பழைய ஆபரேஷன் அதை இன்னும் கிட்டே இழுத்து வைத்திருக்கலாம். அதனால்தான் முடிவில் சிலர் மூத்திரப்பைக்குள் நீல மருந்து ஏற்றி எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள், சிலர் கேமரா விட்டு இரண்டு பக்கமும் மூத்திரம் வருகிறதா என்று பார்ப்பார்கள். கிழிசலை மேசையிலேயே கண்டுபிடித்துத் தைத்துவிட்டால் பெரும்பாலும் சில நாள் கூடுதலாக ட்யூப் வைப்பதோடு முடிந்துவிடும். தெரியாமல் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து யோனி வழியாக மூத்திரம் ஒழுகுவதுதான் கஷ்டமான விஷயம்.

எத்தனை நாளில் எழுந்து நடமாடலாம்?

மறுநாளே நடக்க வைப்போம். மூத்திர ட்யூப் பெரும்பாலும் ஒரு நாளில் வெளியே வந்துவிடும். கீழ்வழி என்றால் இரண்டு மூன்று நாளில் வீடு. உள்தையல் தானாகக் கரையும், பிரிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரம் பழுப்பாகக் கசிவதும், சில சமயம் நூல் துண்டு வருவதும் சாதாரணம்.

ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்க வேண்டாம். முடிந்தால் மேற்கத்திய கழிப்பறையைப் பயன்படுத்துங்கள்.

இங்கே வீட்டுப் பெரியவர்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. தண்ணீர் குடித்தால் தையல் ஊறிவிடும், பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று சொல்லி மூன்று வாரம் பூண்டுக் குழம்பும் சோறுமாகவே வைப்பார்கள். விளைவு மலச்சிக்கல். முக்கி முக்கிப் போனால்தான் தையலுக்கு ஆபத்து. தண்ணீர், கீரை, பழம், பருப்பு எல்லாம் நன்றாகச் சாப்பிடலாம்.

காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவு ரத்தம், நாற்றமுள்ள கசிவு, நிற்காமல் மூத்திரம் ஒழுகுதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், யோனியில் திடீரென ஏதோ புடைத்து வருதல் இவற்றில் எது வந்தாலும் இரவு நேரமானாலும் கிளம்பி வாருங்கள்.

தாம்பத்தியம் பாதிக்குமா?

டாக்டர் பரிசோதித்து ஆறியாயிற்று என்று சொல்லும் வரை, குறைந்தது ஆறு வாரம், வேண்டாம். அதன்பின் பெரும்பாலோருக்குப் பழையபடியே இருக்கும். வலிக்காகவே வாயை எடுத்தவர்களில் பலர் முன்னைவிட நிம்மதி என்கிறார்கள். கேள்வியைக் கணவர் வாசலில் நிற்கும்போது கிசுகிசுவென்று கேட்க வேண்டாம். இருவரும் சேர்ந்தே வந்து கேட்கலாம்.

வாயை எடுத்தால் ஹார்மோன் நின்றுவிடுமா?

நிற்காது. ஹார்மோன் தருவது சினைப்பைகள், வாய் அல்ல.

இணையத்தில் ட்ரக்கெலெக்டமி என்று தேடினால் "அதன்பின் குழந்தை பெறலாம்" என்று வருகிறதே?

அது வேறு ஆபரேஷன், பெயர் மட்டும் ஒன்று. ஆரம்ப நிலை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்த இளம்பெண்ணுக்குக் கர்ப்பப்பையை விட்டுவிட்டு வாயை மட்டும் அகலமாக எடுப்பது அது. பிரான்சின் லியோன் நகரில் டானியல் தார்ஜான் என்ற மருத்துவர் உருவாக்கியது. உங்களுக்குச் செய்வது அதற்கு நேர்மாறு: கர்ப்பப்பை ஏற்கெனவே போய்விட்டது.

மிச்ச வாயில் புற்று என்றே வந்துவிட்டால்?

அப்போது இந்தப் பக்கத்தில் சொன்ன சாதாரண ஆபரேஷன் போதாது. ஆரம்ப நிலையில் பக்கத்துத் திசுக்களையும் சேர்த்து எடுக்கும் பெரிய ஆபரேஷன், அதைத் தாண்டினால் கதிர்வீச்சு. உள்கதிர்வீச்சு தரும்போது கருவியைக் கர்ப்பப்பைக்குள் நீளமாகச் செருகி வைப்பது வழக்கம். இங்கே கர்ப்பப்பை இல்லாததால் அதற்கு இடம் குறைவு. எனவே புற்றுநோய் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

எடுத்த பிறகு ஸ்மியர் தேவையா?

சாதாரணக் காரணத்துக்கு எடுத்து, பயாப்ஸியும் நல்லபடியாக வந்தால் தேவையில்லை. புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்தவர்கள் பல வருடங்களுக்கு யோனி உச்சியில் ஸ்மியர் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனவே பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்காமல் கணக்கு முடிக்காதீர்கள்.

செலவு?

அரசு மருத்துவமனையில் செலவில்லை. தனியாரில் காப்பீட்டு அட்டையோ பாலிசியோ இருந்தால் முன்அனுமதி வாங்கும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் "கர்ப்பப்பைதான் ஏற்கெனவே எடுத்தாயிற்றே" என்று கேள்வி திரும்பி வரலாம்.

என் அக்காவுக்கு அடுத்த வாரம்தான் முதல் கர்ப்பப்பை ஆபரேஷன். என்ன கேட்க வேண்டும்?

"வாயையும் எடுப்பீர்களா? விடுவதாக இருந்தால் ஏன்?" இந்த இரண்டையும் முன்னாலேயே கேளுங்கள். உள்ளே போனபின் ஒட்டலால் திட்டம் மாறலாம், அது சகஜம். ஆபரேஷன் முடிந்த மாலை ரவுண்ட்ஸ் வரும்போது மறுபடி ஒருமுறை, "வாய் இருக்கிறதா, போய்விட்டதா?" என்று கேட்டு, பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியின் மேல் ஓரத்தில் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள்.